களத்து மேஸ்திரியின் பசை

ஜெயபிரகாஷ் காப்பிக் கொட்டையைக் கடித்தே ஈரம் சொல்லுவார். ஏற்காட்டில் தலைச்சோலைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் இருபத்தெட்டு வருஷமாகக் காப்பி உலர்த்தும் களத்துக்கு மேஸ்திரி. பரப்பு, கிளறு, வெயில் காட்டு, கடித்துப் பார். அவருக்குத் தெரிந்த ஞானம் அவ்வளவுதான். அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் வில் உடைந்ததும் அதனால்தான்.

வில் அவர் மனைவி மேனகாவுக்கு. அந்தக் காலத்தில் ஏற்காட்டுப் பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு பெண் மூக்கைச் சுருக்கிக்கொண்டு அம்பு விட்டதை, உரமூட்டை ஏற்றிய ஜீப்பிலிருந்து அவர் பார்த்தார். பிற்பாடு அந்த மூக்கை நம்பித்தான் பெண் கேட்டுப் போனார். கல்யாணமானதும் வில் பள்ளிக்கூடத்திலேயே நின்றுவிட்டது. விடாதே என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. விடு என்றும் சொல்லவில்லை. இப்போது, அன்று அவளோடு போட்டிக்கு நின்ற சாந்தாமேரி ஞாயிற்றுக்கிழமை சேலத்திலிருந்து வருகிறாள். அவள் முன்னால் மேனகா ஒரு தடவையாவது வில்லை இழுக்க வேண்டும் என்பது ஜெயபிரகாஷின் ஆசை. "எதுக்குங்க இந்த வயசுல?" என்றாள் மேனகா. சொல்லிக்கொண்டே, வில்லின் கைப்பிடிக்கு அளவாகச் சப்பாத்தி மாவைத் தன் கையால் இறுக்கிப் பிடித்து அச்சும் கொடுத்தாள்.

வில்லின் வளையும் மேல்கையும் கீழ்க்கையும் பார்சலில் வந்தன. கைப்பிடி வரும் நடுக்கட்டை மட்டும் அவர் கைவேலை. சில்வர் ஓக், பலா என்று மாற்றி மாற்றிப் பலகை அடுக்கி, இரண்டு டியூப் பசையைக் கலந்து ஒட்டி, கிளாம்பு போட்டு இறுக்கினார். பிறகு களத்தில் வெயில் காட்டினார். காற்றுப் படட்டும் என்று கிளாம்பைத் தளர்த்தி, மணிக்கொரு தரம் புரட்டியும் விட்டார். சாயங்காலம் வெளியே வழிந்திருந்த சொட்டைக் கடித்தார். நல்ல கொட்டை மாதிரி 'டக்' என்றது. செதுக்கி, நாண் பூட்டிக் கொடுத்தார். மேனகா பாதி இழுக்கும்போதே நடுக்கட்டையின் அடுக்கு பிளந்தது.

ஒண்டிக்கடை முக்கில் பசை விற்ற பாலகுமார் சிரிக்காமல் கேட்டான். "ஏனுங்ண்ணா, பொரட்டி வேற உட்டீங்களா? இது காயற பசை இல்லீங்க, உள்ளுக்குள்ளயே இறுகற பசை. நெருக்கிப் புடிச்சு, கதகதப்பா வச்சு, ரெண்டு நாளைக்கு மறந்துருங்க."

மறப்பது அவர் தொழிலில் இல்லாத வேலை. வெளியே பனிமூட்டம் வேறு. மரப்பெட்டி ஒன்றில் பழைய குண்டு பல்பைத் தொங்கவிட்டார். சூடாகிறது என்ற குற்றத்துக்காக ஊரே கழற்றிப் போட்ட பல்பு, அதே குற்றத்துக்காக வேலைக்கு வந்தது. வியாழன் சாயங்காலம் புதுக்கட்டையை இறுக்கி உள்ளே வைத்தார். வெள்ளி காலை திறக்கப் போனால், மூடிமேல் இட்லிமாவுப் பானை உட்கார்ந்திருந்தது.

"இந்தக் குளுருல மாவு பொங்க வேற எடமில்லீங்க," என்றாள் மேனகா.

"ஒரே ஒரு சொட்டு கடிச்சுப் பாத்துக்கறேன்."

"போன தடவ கடிச்சதே போதுங்க."

அன்று ராத்திரிக்குள் மாவு பொங்கிவிட்டது. அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மேனகா பானையை இறக்கினாள். அடுத்த பானையை ஏற்றினாள். இரண்டு பேர் உள்ள வீட்டுக்கு எதற்கு இவ்வளவு மாவு என்று கேட்க வாயெடுத்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் படுக்கப் போனார்.

சனி சாயங்காலம்தான் பெட்டி திறந்தது; ராவோடு ராவாகக் கட்டையைச் செதுக்கி நாண் பூட்டினார். ஞாயிறு மத்தியானம், ஆறு இட்லிக்குப் பிறகு, சாந்தாமேரி களத்தோரம் வந்து நின்றாள். மேனகா வில்லை இழுத்தாள். முழுசாக இழுத்து, தேவைக்கு மேலேயே சில நொடி பிடித்து நின்றாள்.

"அதே மூக்குடி," என்றாள் சாந்தாமேரி.

நாண் அதிர்ந்தது. "எங்கீங்க போச்சு அம்பு?" என்று மேனகா திரும்பினாள்.

ஜெயபிரகாஷுக்குத் தெரியவில்லை. அவள் மூக்கையும் பார்க்கவில்லை, அம்பையும் பார்க்கவில்லை. நடுக்கட்டையின் ஒட்டுக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கவனிக்கலை," என்றார். "இன்னொன்னு உடு."