கப்பலில் போன அம்மா

என் வாழ்க்கையில் நான் முதன்முதலாகப் பொறாமைப்பட்ட ஆள் என் அம்மாதான். வகுப்பில் முதலாம் பிள்ளைமீதும் பக்கத்து வீட்டின் கியர் சைக்கிள்மீதும் பட்டதெல்லாம் அதற்குப் பிறகு. எனக்கு அப்போது பத்து வயது. கனடாவில் இருக்கும் பெரியம்மா, சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் ஐந்து நாள் சுற்றுலாவுக்கு அம்மாவைத் தன்னோடு வரச்சொல்லிக் கேட்டார். அம்மாவை மட்டும். பெரியம்மாவின் மகளும் மருமகனும், அவர்களின் இரண்டு வயது இரட்டைப் பிள்ளைகளும் வருகிறார்களாம். மிச்சம் ஓர் ஆளுக்குத்தான் இடம் இருக்கிறதாம்.

பெரியம்மா சொன்னால் எங்கள் வீட்டில் மறுபேச்சு இல்லை. தாய் தகப்பன் போனபிறகு அம்மாவை வளர்த்து ஆளாக்கியவர் அவர். செய்தி எங்கள் ஊரான கோப்பாய் முழுக்கப் பரவிற்று. கோயிலில் கண்டவர்கள், கடையில் கண்டவர்கள் எல்லாரும் அம்மாவைக் கொடுத்து வைத்தவர் என்றார்கள். கேட்கும் ஒவ்வொரு தரமும் எனக்கு வயிறு எரிந்தது. தோட்டத்து வெங்காயத்தைத் தவிர வேறெதையும் கவனித்துப் பார்த்திராத அம்மாவுக்குக் கப்பல் எதற்கு? கடலைக் கண்டால் கால் நனைக்கவும் பயம். ஐஸ்கிரீம் தின்றால் பல்லுக் கூசும். எனக்கு அப்படி ஒரு குறையும் கிடையாது.

பெரியம்மா தொலைபேசியில் பேசிப் பேசி அனுப்பிய புத்திமதிகளை அம்மாவைவிட நான்தான் உன்னிப்பாகக் கேட்டேன். இரண்டு நாளில் தேவாரம்போலப் பாடமாகிவிட்டது. பெரிய பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்துசேரப் பொழுதுபட்டுவிடும். ஆகையால் கடவுச்சீட்டு, குளிசைகள், ஒரு மாற்றுடுப்பு மூன்றும் கைப்பையில் இருக்கவேண்டும். உடுப்பை மடிக்காமல் சுருட்டினால் இடம் மிஞ்சும். சாப்பாட்டு மண்டபம் குளிரும், சுவெற்றர் கட்டாயம். தலை சுற்றினால் கப்பலின் நடுப்பகுதிக்குப் போய், தூரத்தில் கடலும் வானமும் சேருமிடத்தைப் பார்க்கவேண்டும். வாயில் ஒரு துண்டு இஞ்சி இருந்தால் நல்லது. பருத்தித்துறை வடை, முறுக்கு ஒன்றும் வேண்டாம், அங்கே இரவு பகலாகச் சாப்பாடு. விருந்துக்கு ஒரு நல்ல சேலை போதும். கழுவினால் உடனே காயக்கூடிய நைட்டி நாலு கொண்டுவரவேண்டும். நாள் முழுக்க நைட்டியோடு மகாராணிபோலச் சாய்ந்திருக்கப் போகிறார் என்று எனக்கு இன்னும் ஆத்திரம் வந்தது.

ஆனாலும் பெட்டியை அடுக்கியது நான்தான். அம்மாவிடம் விட்டால் வடைதான் முதலில் போயிருக்கும். அடியில் நைட்டிகளைச் சுருட்டி வைத்தேன். அதற்கு மேல் கரும்பச்சைப் பட்டுச்சேலை, அப்பா புதிதாக வாங்கிவந்த செருப்பும் தொப்பியும். செருப்பைப் பையில் சுற்றி ஓரத்தில் செருகினேன். இவ்வளவையும் வேறொருவருக்காக அடுக்குவது எனக்குப் பெரிய அநியாயமாகத் தெரிந்தது.

அம்மா சென்னைக்குப் போய் ஏறிய கப்பல் மூன்றாம் நாள் காங்கேசன்துறைக்கு வந்தது. பயணிகள் இறங்கி நல்லூரும் கீரிமலையும் பார்த்துவிட்டுப் பின்னேரம் திரும்புவார்கள், துறைமுக வாசலில் நின்றால் அம்மாவோடு கதைக்கலாம் என்று அப்பா என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். சீமெந்து ஆலையைத் தாண்டியதுமே கப்பல் தெரிந்தது. எங்கள் ஊர்க் கோபுரத்தைவிட உயரம். பெரியம்மா கறுப்புக் கண்ணாடியோடு வந்தார். பின்னால் மகளும் மருமகனும் கையை வீசிக்கொண்டு வந்தார்கள். அம்மாவைக் காணவில்லை.

"உன்ரை அம்மாவுக்குக் கப்பலை விட்டு இறங்க மனமில்லை. நீங்கள் போயிட்டு வாங்கோ எண்டிட்டா" என்று பெரியம்மா சிரித்து, என் கையில் ஒரு சொக்லேட்டை வைத்தார்.

அப்பா கப்பலையே பார்த்துக்கொண்டு நின்றார். வேலிக்கு இந்தப் பக்கம் பெற்ற மகள் நிற்கிறேன், அம்மாவுக்கு ஐஸ்கிரீமை விட்டுவர மனம் வரவில்லை. வீடு வரும்வரை அப்பாவின் முதுகில் முகத்தை வைத்து அழுதேன். சொக்லேட்டை மட்டும் தின்றுவிட்டேன்.

அம்மா திரும்பி வந்தபோது பெட்டியையும் நான்தான் திறந்தேன். நைட்டிகள் நாலும் கசங்கி, பால் மணத்தோடு கிடந்தன. சேலை நான் சுருட்டிய சுருள் குலையாமல் இருந்தது. தொப்பியில் விலைச்சீட்டுக்கூடக் கழற்றப்படவில்லை. என்னவெல்லாம் பார்த்தீர்கள் என்று கேட்டால், சாப்பாட்டு மண்டபம் குளிரும், இரவு பகலாகச் சாப்பாடு என்று பெரியம்மா சொல்லித் தந்ததையே அம்மா திருப்பிச் சொன்னார். அனுபவித்ததைச் சொல்லாமல் ஒளிக்கிறார், நாங்கள் கொடுத்துவிட்ட சேலையைக் கட்ட வெட்கப்பட்டிருக்கிறார் என்று நான் தீர்மானித்தேன்.

அம்மா அந்த ஐந்து நாளும் அறைக்குள் இரட்டையர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதைப் பல வருடங்கள் கழித்துப் பெரியம்மாவின் மகள்தான் சொன்னார். "சித்தி இருந்தபடியாலை நாங்கள் நிம்மதியாத் திரிஞ்சனாங்கள்" என்றார், உண்மையான நன்றியோடு. காங்கேசன்துறையில் நின்ற அன்று பிள்ளைகள் இருவருக்கும் காய்ச்சலாம்.

இது ஒன்றும் எனக்குத் தெரியாதபோதே, முதல் பயணத்துக்கு அடுத்த வருடம், பெரியம்மா மறுபடியும் கூப்பிட்டார். இம்முறை என்னையும் கூட்டிவரச் சொன்னார். இரட்டையர்கள் இப்போது ஓடித் திரிகிறார்களாம், அவர்களோடு விளையாட நான் இருந்தால் வசதியாம். நான் துள்ளி எழும்பினேன். அம்மா அவசரமாகத் தொலைபேசியைக் காதோடு அணைத்துக்கொண்டார்.

"அவள் வேண்டாம் அக்கா. நான் வாறன்."

அம்மா பெரியம்மாவிடம் ஒன்றை வேண்டாம் என்று சொல்லி நான் அதற்கு முன் கேட்டதேயில்லை. அந்த முதல் தடவையும் எனக்கு எதிராகவா வரவேண்டும்? தான் மட்டும்தான் அனுபவிக்கவேண்டுமா, மகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிற தாய் உலகத்தில் உண்டா என்று கத்தினேன். அம்மா தொலைபேசியை வைத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போனார்.

பயணத்துக்கு முதல்நாள் அம்மா பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"பிள்ளை, ஒருக்கா அடுக்கித் தாவன்."

"நீங்களே அடுக்குங்கோ" என்று சொல்லிவிட்டு எழுந்து போனேன். போனாலும் கதவிடுக்கால் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். அம்மா நைட்டிகளை மட்டும் சுருட்டி வைத்துப் பெட்டியை மூடினார். சேலையை எடுக்கவேயில்லை. கப்பலில் புதுச்சேலை வாங்கித் தருவார்கள்போலும் என்று நினைத்தேன். எனக்கு மறுபடியும் வயிறு எரிந்தது.