ஜன்னலோர சீட்டில் ஒரு கர்ச்சீப்

தாமோதரன் சார் போய்விட்டார்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, விடிந்ததும்... ஹார்ட் அட்டாக். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று அவர் மகன் போனில் அழுதான். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். வேறு எங்கே உட்கார்ந்து எழுதுவது?

தெரியாதவர்களுக்காக... இந்தத் தெலுங்கு ஊரில், ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் எங்கள் ஃபேக்டரியில் சார் ஸ்டோர்ஸ், நான் பர்ச்சேஸ். அவருக்கு வேலூர்ப் பக்கம், எனக்குத் திருநெல்வேலி. சொந்தமும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. காலை பஸ்தான் எங்களுக்குள் உறவு.

அவர் அல்வாலில், முதல் ஸ்டாப்பிலேயே ஏறுவார். என் ஸ்டாப் போயின்பள்ளி. அதற்குள் பஸ் நிரம்பிவிடும். அதனால் பக்கத்து ஜன்னல் சீட்டில் எனக்காக ஒரு கர்ச்சீப் போட்டு வைப்பார். நீலக் கட்டம் போட்டது.

நான் ஏறியதும் அதை எடுத்து மடித்துப் பாக்கெட்டில் வைப்பார்.

"வாம்மா. இன்னிக்கு என்ன கொழம்பு?"

தினமும் இதே கேள்விதான். சாம்பார் என்றால் "ஹவ்", இந்த ஊர் இந்தியில் 'ஆமாம்'. வத்தக்குழம்பு என்றால் "ஹவ், ஹவ்". பிறகு பேப்பரைப் பிரித்துவிடுவார். பின் சீட்டிலிருந்து, "சார், ஒரு நாளாவது பொரியல் என்னன்னு கேளுங்களேன்" என்று கிண்டல் வரும். காதிலேயே வாங்க மாட்டார்.

என் குழந்தை பிறக்காமலே போனபோது நான் ரொம்ப நாள் லீவில் இருந்தேன். திரும்பிப் போகவே பயம். பஸ் முழுக்கத் தெரிந்த முகங்கள்... ஆளாளுக்கு விசாரிப்பார்கள், விசாரிக்காதவர்கள் பாவமாகப் பார்ப்பார்கள். வேலையே வேண்டாம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன்.

அப்புறம் ஒரு நாள் காலையில் என்ன தோன்றியதோ, யாரிடமும் சொல்லாமல் ஸ்டாப்பில் போய் நின்றேன். முடியாவிட்டால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிடலாம் என்றுதான் ஏறினேன்.

ஜன்னல் சீட்டில் கர்ச்சீப் கிடந்தது.

நான் வருவது யாருக்கும் தெரியாது. லீவில் இருந்த நாளெல்லாம் போட்டுக்கொண்டே வந்திருக்கிறார் மனுஷன். உட்கார வருகிறவர்களிடம் தெலுங்கில் ஒரு தரம், இந்தியில் ஒரு தரம், ஆள் இருக்கு என்பாராம்.

எடுத்தார். மடித்தார். "வாம்மா. இன்னிக்கு என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு சார்."

"ஹவ்."

பாலாநகர் தாண்டும் வரை ஜன்னல் பக்கம் திரும்பி அழுதேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. நான் அடுத்த ஸ்டாப்பில் இறங்கவில்லை. மறுநாளும் வேலைக்குப் போனேன்.

அவர் ரிட்டையர் ஆனதற்கு மறுநாள் நடந்ததை எங்கள் பஸ்ஸில் யாரும் மறக்க மாட்டார்கள். முந்தின நாள்தான் மாலை, சால்வை, ஸ்பீச் எல்லாம் ஆகியிருந்தது. காலையில் பார்த்தால் டிபன் பாக்ஸோடு அதே சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்! என்ன குழம்பு என்று வேறு கேட்டார். நானும் சொன்னேன். நீங்கள் ரிட்டையர் ஆகிவிட்டீர்கள் சார் என்று எப்படிச் சொல்வது?

கேட்டில் செக்யூரிட்டிக்காரர் ஐடி கார்டைக் கேட்டபோது சட்டைப் பையைத் தடவினார். "அட... நேத்தே குடுத்துட்டனே" என்று சிரித்தார். டிரைவர் யாதகிரி வீட்டில் இறக்கிவிடுகிறேன் என்றதற்கு, "நக்கோப்பா, ஆட்டோல போயிக்கிறேன்" என்று நடந்துவிட்டார். டிபன் பாக்ஸோடு அவர் போனதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

இனி வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். மறுநாள் என் சீட்டில் கர்ச்சீப் இருந்தது! அல்வாலில் ஏறி, அதைப் போட்டுவிட்டு இறங்கிப் போனாராம். கொஞ்ச நேரத்தில் போனில் அவர் குரல்... "ஏறிட்டியாம்மா? என்ன கொழம்பு?"

அன்றிலிருந்து அதுதான் வழக்கம். சாயங்காலம் கர்ச்சீப்பை யாதகிரியிடம் கொடுப்பேன், காலையில் சார் வாங்கிப் போடுவார்.

நேற்று மயானத்திலிருந்து திரும்பும்போது ஒருத்தர், "பாவம், பெருசுக்குப் பொழுது போகல, அதான் தினமும் பஸ்ஸுக்கு வந்துட்டிருந்தாரு" என்றாராம். வீட்டுக்காரர் வந்து சொன்னதிலிருந்து பற்றிக்கொண்டு வருகிறது. பொழுது போகாமல் செய்கிற காரியமா ஐயா அது? ஒரு நாள் தவறாமல் நீங்கள் யாருக்காவது எதையாவது செய்திருக்கிறீர்களா?

இன்றைக்கு பஸ் ஏறவே கால் வரவில்லை. சீட் இருக்காது, நின்றுகொண்டே போக வேண்டியதுதான் என்று நினைத்து ஏறினேன்.

நீலக் கட்டம் போட்ட கர்ச்சீப் என் சீட்டில் கிடந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் நான் கொடுத்தது. வர மாட்டார் என்று தெரிந்தும் அல்வாலில் சாருக்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, யாதகிரியே எழுந்து வந்து போட்டிருக்கிறார். நான் அதை எடுத்துக்கொண்டு போய் நீட்டினால் வாங்கவில்லை. "மீ தக்கரே உஞ்சுகோண்டி அம்மா" என்றார். உங்களிடமே இருக்கட்டும் என்று.

மடித்து மடியில் வைத்திருக்கிறேன். பாலாநகர் தாண்டிவிட்டது, அழுகை நிற்கவில்லை. போன் கையில்தான் இருக்கிறது...

இன்னைக்குக் கொழம்பு எதுவும் வைக்கல சார். கை ஓடல.

போயிட்டு வாங்க.