சிரிங்கக்கா நேராக்கிய முகம்

எதிரே உட்கார்ந்திருப்பவர் வக்கீலோ வாட்ச்மேனோ, அவளுக்கு எல்லாரும் ஒன்றுதான். "சிரிங்க... இன்னும் கொஞ்சம்... என்ன, பல்லு வலியா? சிரிங்கன்னா!" என்று அதட்டுவாள். அதனாலேயே கடைத்தெருவில் அவளுக்குச் சிரிங்கக்கா என்று பெயர். ஸ்டுடியோ பலகையில் எழுதியிருக்கிற பெயரை யாரும் படிப்பதில்லை.

படம் எடுப்பதில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் உண்டு, அதை அவளே ஒத்துக்கொள்வாள். ஆனால் எடுத்த படத்தைக் கம்ப்யூட்டரில் திருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒரு கண் சரியில்லையா? மறு கண்ணை நகலெடுத்துத் திருப்பி ஒட்டிவிடுவாள். உதடு கோணியிருக்கிறதா? நல்ல பக்கத்தைத் தூக்கிக் கெட்ட பக்கத்தில் போட்டுவிடுவாள். பள்ளிக்கூடத்து அடையாள அட்டை வேலை வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். வாய் பக்கத்துத் தையல்கடைக்காரியோடு ஊர்வம்பு பேசிக்கொண்டிருக்கும், கை அது பாட்டுக்கு ஒவ்வொரு முகமாக நேராக்கிக்கொண்டே போகும். யார் பெற்ற பிள்ளை என்றுகூடப் பார்க்கமாட்டாள். அதில் அம்மாளுக்குப் பெருமை வேறு.

அன்று காலையில் அவளுடைய மகள், ஏழு வயதுப் பாப்பா, வாய் கொப்பளித்தபோது தண்ணீர் வலது கடைவாய் வழியாக ஒழுகிச் சட்டையெல்லாம் நனைந்தது.

"ஏய், காலங்காத்தால விளையாடாத. ஸ்கூலுக்கு நேரமாச்சு."

"நான் விளையாடலம்மா. தண்ணி தானா போவுது."

டயர் கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அப்பா சும்மா இருப்பாரா? "கோணவாய் மகாராணி, எங்க, அப்பாவுக்கு ஒரு சிரிப்பு காட்டு" என்று கன்னத்தைக் கிள்ளினார். பாப்பா சிரித்தாள். இடது பக்கம் மேலே ஏறியது. வலது பக்கம் அசையவே இல்லை. அப்பாவின் சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"கண்ண மூடு பாப்பா."

இடது கண் மூடியது. வலது கண்ணில் இமைகளுக்கு நடுவே வெள்ளை விழி தெரிந்தது.

"மூடிட்டேன்பா" என்றாள் பாப்பா.

நனைந்த யூனிபார்மை மாற்றக்கூடத் தோன்றாமல் பிள்ளையை அப்படியே தூக்கிக்கொண்டு சிரிங்கக்காவும் அவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள்.

டாக்டரம்மா நிதானமானவர். காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், புருவத்தைத் தூக்கச் சொன்னார், கன்னத்தை ஊதச் சொன்னார். முகத்தை அசைக்கிற நரம்பு ஒரு பக்கம் வேலை செய்யவில்லை என்றார்.

"எப்பலேருந்து இப்படி? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. திடீர்னு வந்திருந்தா பெரும்பாலும் நரம்பு வீக்கம்தான், பிள்ளைங்களுக்குச் சரியாயிடும். கொஞ்சங் கொஞ்சமா, மாசக்கணக்குல வந்திருந்தா கதை வேற. உள்ள ஏதாவது நரம்ப அழுத்துதான்னு உடனே ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்."

"இன்னிக்குக் காலைலதான் டாக்டர். நேத்து நல்லாத்தான் இருந்தா."

டாக்டரம்மா பாப்பாவின் கழுத்தில் தொங்கிய பள்ளி அடையாள அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இந்தப் படம் எப்ப எடுத்தது?"

"போன மாசம். நான்தான் எடுத்தேன்."

அட்டையில் முகம் கண்ணாடி மாதிரி நேராக இருந்தது. "அப்ப இது திடீர்னு வந்ததுதான், பயப்படாதீங்க" என்றார் டாக்டரம்மா. மாத்திரையும், கண் காயாமல் இருக்கச் சொட்டு மருந்தும் எழுதிக்கொடுத்து, தூங்கும்போது இமையை டேப் போட்டு மூடச் சொன்னார்.

போன உயிர் திரும்பி வந்தது. வழியில் அப்பா ஐஸ்கிரீம் வாங்கிக்கொடுத்தார். அது கடைவாயில் வழிய, மூன்று பேருமே சிரித்தார்கள்.

சாயங்காலம் சிரிங்கக்கா கடையைத் திறந்தாள். பாப்பா சுழல் ஸ்டூலில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தாள். முகம் சரியாகிறவரை அந்த அட்டைப் படத்தைப் பெரிதாகப் போட்டு வீட்டில் மாட்டிவைக்கலாம் என்று சிரிங்கக்காவுக்கு ஓர் ஆசை. திருத்திய படம் சின்னது, பெரிதாக்கினால் மங்கிவிடும். அதனால் கேமராவிலிருந்து வந்த அசல் படத்தைத் திறந்தாள்.

பகீரென்றது. அசலில் வலது உதட்டோரம் லேசாகக் கீழே இறங்கியிருந்தது. வலது கண் மற்றதைவிட அகலமாகத் திறந்திருந்தது.

சே, பேசிக்கொண்டே எடுத்திருப்பேன், பிள்ளை அசைந்திருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, அதற்கு முந்தைய படத்தைத் தேடினாள். பிறந்தநாள் படம். அதிலும் இறங்கியிருந்தது, இதைவிடக் கொஞ்சம் குறைவாக. அதற்கும் முந்தைய படம், கோடை விடுமுறையில் எடுத்தது. தெரிந்தவர் கண்ணுக்கு மட்டும் தெரிகிற அளவில் அதிலும் இருந்தது. மூன்றையும் அவள்தான் நேராக்கியிருந்தாள். மூன்றுமே நினைவில் இல்லை. பெற்ற பிள்ளையின் முகம் மாதக்கணக்காகச் சரிந்துகொண்டு வந்திருக்கிறது, கை அதைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து மறைத்திருக்கிறது, இவள் தையல்கடைக்காரியோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"அடிப்பாவி" என்று தன்னையே திட்டித் தலையில் அடித்துக்கொண்டாள். ஸ்டூல் சுற்றுவது நின்றது. "ஏம்மா அழுவுற?" என்றாள் பாப்பா. சிரிங்கக்கா மூன்று அசலையும் பிரிண்ட் போட்டாள். வீட்டுக்காரருக்குப் போன் செய்து, "உடனே ஆஸ்பத்திரிக்கு வாங்க. எதுவும் கேக்காதீங்க" என்றாள்.

டாக்டரம்மா படங்களை மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தார். அட்டையில் இருந்த படம் திருத்தியது என்று சிரிங்கக்கா சொன்னபோது அவர் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவளுக்கு. "கொண்டாந்தது நல்லதாப் போச்சு" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்கேன் அறைக்குப் போன் போட்டார். காலையில் இருந்த முகம் அவருக்கு இப்போது இல்லை.

மறுநாள் ஸ்கேன் அறை சில்லென்றிருந்தது. பாப்பாவைப் பலகையில் படுக்கவைத்து, தலை அசையாமல் இருக்க இருபுறமும் பஞ்சணை வைத்தார் மெஷின்காரர். "ஆடாம இருக்கணும் பாப்பா. உன் தலைக்குள்ள ஒரு படம் எடுக்கப் போறோம்."

"சிரிக்கணுமா மாமா?"

மெஷின்காரர் அம்மாவைப் பார்த்தார். ஊரையே அதட்டிச் சிரிக்கவைத்தவள் பிள்ளையின் பக்கம் குனிந்தாள்.

"வேணாம் கண்ணு. எப்படி இருக்கியோ அப்படியே இரு."

அதற்குள் பாப்பா பழக்கதோஷத்தில் சிரித்துவிட்டாள். ஒரு பக்கம் மட்டும். இறங்கிக் கிடந்த அந்த உதட்டோரத்தை நோக்கிச் சிரிங்கக்காவின் கை தானாக நீண்டது. அதை மறுகையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, பலகை மெஷினுக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.