ஞானோபதேச வகுப்பில் தலைகுனிந்த இடங்கள்

கணக்கு ஆசிரியை தவறினால் அது கரும்பலகையிலேயே தெரிந்துவிடும். ஞானோபதேச ஆசிரியை தவறினாளா இல்லையா என்பது மறுமையில்தான் தெரியவரும். இந்தப் பாதுகாப்பை நம்பித்தான் நானும் இந்தத் தொழிலில் துணிந்து இறங்கினேன். என்னைப் போலவே வினாவிடைப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மாணவிகள் முன்னே கூசி நின்ற சகோதரிகள் பலர் இதைப் படிக்கக்கூடும். அவர்களுக்குப் புதிதாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. தனியாகக் கூச வேண்டாமே என்றுதான் எழுதுகிறேன்.

யுத்த காலம் அது. சேலத்தில், ஏற்காடு சாலையில், கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் கல்லூரியில் முதல் வருஷத்து மாணவிகளுக்கு வேதாகமமும், ஞானோபதேசம் என்னும் கத்தோலிக்க மறைக்கல்வியும் என் பொறுப்பு. கத்தோலிக்கப் பெண்களுக்கு இந்தப் பாடம் கட்டாயம். மற்றப் பெண்களுக்கு நீதிபோதனை என்று தனி வகுப்பு உண்டு. ஆனால் அதற்கு ஆசிரியை கிடைக்கவில்லை. ஆகவே அவர்களும் என் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்திருப்பார்கள். எனக்குத் தலைகுனிவு வருமானால் அந்தப் பின்வரிசையிலிருந்துதான் வரும் என்று தொடக்கத்தில் எண்ணியிருந்தேன்.

வெள்ளிக்கிழமை மீன்

ஒறுத்தல் முயற்சிகளைப் பற்றிய பாடம். ஆண்டவர் பாடுபட்டு மரித்த நாளை நினைத்து வெள்ளிக்கிழமைதோறும் நாம் மாமிசத்தை விலக்குகிறோம் என்று உருக்கமாக விளக்கிக்கொண்டிருந்தேன். அன்றும் வெள்ளிக்கிழமைதான். விடுதிச் சமையலறையில் மேட்டூர் மீன் குழம்பாகிக் கொதிக்கும் மணம் ஜன்னல் வழியே வகுப்புக்குள் வந்து நின்றது. இராசிபுரத்து நெசவாளர் வீட்டுப் பெண் சாரதா பின்வரிசையில் எழுந்து, மீன் மாமிசத்தில் சேராதா என்று பணிவாகக் கேட்டாள். திருச்சபைச் சட்டம் எதை விலக்குகிறது, எதை அனுமதிக்கிறது என்று வரி பிசகாமல் எடுத்துச் சொன்னேன். அவளும் தலையசைத்துக் கேட்டுக்கொண்டாள்.

அத்துடன் விட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் இதைப் போன்ற ஒறுத்தல் ஏதாவது உண்டா என்று நானே வலியக் கேட்டேன். அவள் சொன்னாள்: “எங்கூட்டுல கவுச்சியே சேர்க்கறதில்லீங்க டீச்சர். எங்கம்மாவுக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமைதானுங்க.”

கேள்வியும் சேர்த்து

முன்வரிசையில் இருந்தவள் அருளாயி. நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து, பெட்ரோலுக்குப் பதில் கரிவாயுவில் ஓடிய பஸ்ஸில் முகமெல்லாம் புகை படிந்து வந்து இறங்கியவள். மற்றப் பெண்களைவிட நான்கைந்து வயது மூத்தவள், கணவனை இழந்தவள். ஊர்த் தேவாலயத்துப் பங்குச் சாமியார்தான் முயற்சி எடுத்து அவளை அனுப்பியிருந்தார். வருஷ முடிவில் ஞானோபதேச வாய்மொழித் தேர்வில் தேறினால் பங்குப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை. தேறாவிட்டால் கணவனின் அண்ணன் வீட்டில், அவர்கள் போடும் சோற்றுக்காகக் காலமெல்லாம் பருத்திக்காட்டில் குனிந்து நிற்க வேண்டியதுதான். இது வகுப்பிலுள்ள எல்லோருக்கும் தெரியும். அவள் தூங்குமூஞ்சியாக உட்கார்ந்திருந்தால் பக்கத்திலிருப்பவள் முழங்கையால் இடித்து, “பருத்தி எடுக்கப் போறியா?” என்பாள்.

அவளுடைய மனப்பாடம் அபாரமானது. ஆனால் அதில் ஒரு விசித்திரம் இருந்தது. ஒரு கேள்வியைக் கேட்டால், அந்தக் கேள்வியை முதலில் தானே ஒருமுறை முழுவதும் சொல்லிவிட்டுத்தான் விடையைத் தொடங்குவாள். சர்வேசுரன் எங்கே இருக்கிறார் என்று நான் கேட்டால், சர்வேசுரன் எங்கே இருக்கிறார் என்று அவளும் என்னைக் கேட்பாள். வகுப்பு சிரிக்கும். தேர்வு நடத்த வரும் சாமியார் இதைக் குறும்பென்று நினைத்துவிடுவாரே என்று ஒருநாள் தனியாக அழைத்துக் கண்டித்தேன். அவள் வருத்தத்தோடு சொன்னாள்: “கேள்விய உட்டுட்டா பதிலு வரமாட்டீங்குதுங்க டீச்சர். ரெண்டும் ஒண்ணாவே வந்து பழகிருச்சுங்க.”

சாரதாவின் மரப்பாச்சி

அவசர ஞானஸ்நானத்தைச் செய்துகாட்டித்தான் கற்பிக்க வேண்டும். குழந்தை சாகும் தறுவாயில் இருந்து, குருவானவரும் அருகில் இல்லாவிட்டால் யார் வேண்டுமானாலும் அதைக் கொடுக்கலாம். தாய் கொடுக்கலாம், கிறிஸ்தவளல்லாத மருத்துவச்சி கொடுத்தாலும் செல்லும். தலையில் நீர் ஓட வேண்டும், ஓடும்போதே அதற்குரிய வார்த்தைகளைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். பழகிப் பார்க்க ஒரு பொம்மை தேவைப்பட்டது. சாரதா தன் மரப்பாச்சியைக் கொடுத்தாள். பெண்கள் ஒவ்வொருவராக வந்து அதன் தலையில் நீர் ஊற்றினார்கள். இதற்குப் பிறகு இதைக் கொலுவில் வைக்க வீட்டில் சம்மதிப்பார்களா என்று சாரதா கவலைப்பட, வகுப்பே கலகலத்துப் போயிற்று. அந்த உற்சாகத்தில் நானும், இவ்வளவு எளிதான காரியத்தைச் செய்யாமல் விட எந்தத் தாய்க்கும் நியாயமில்லை என்று என் வழக்கமான வாக்கியத்தைச் சொன்னேன்.

அருளாயியின் முறை வந்தது. இடக்கையில் மரப்பாச்சியை ஏந்திக்கொண்டு வலக்கையில் சொம்போடு நின்றாள். சொம்பு சாயவேயில்லை. வார்த்தைகள் மறந்துவிட்டனவோ என்று எண்ணி நான் முதல் சொல்லை எடுத்துக் கொடுத்தேன். அவள் சொம்பை மேஜைமேல் வைத்துவிட்டாள். சாரதா எழுந்து வந்து பொம்மையை அவளிடமிருந்து வாங்கித் தன் முந்தானையால் துடைத்தாள். அருளாயி யாரையும் குற்றம் சொல்லாத குரலில் என்னிடம் சொன்னாள்: “என்ற கொழந்த பொறந்தன்னிக்கும் சொம்புல தண்ணி பக்கத்துலயே இருந்துச்சுங்க டீச்சர். நானே ஊத்தலாம்னு ஒருத்தரும் சொல்லலீங்களே.”

சரித்திர ஆசிரியையின் பாக்கியம்

அதற்கு அடுத்த பாடம் என்னவென்று இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஞானஸ்நானம் பெறாமல் இறந்த சிசுக்கள் எங்கே போகின்றன என்பதுதான் அது. அதை இந்த வருஷம் மட்டும் விட்டுவிடலாமா என்று கல்லூரித் தலைவியான மதரிடம் கேட்டேன். தேர்வில் அந்தக் கேள்வி தவறாமல் வரும் என்றும், நான் விட்டால் முதலில் விழுகிறவள் அருளாயியாகத்தான் இருப்பாள் என்றும் அவர்கள் அமைதியாகச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரிதான்.

ஆசிரியைகள் அறைக்குத் திரும்பிவந்து, சரித்திரம் நடத்தும் தங்கம்மாளிடம் புலம்பினேன். அவள் பாதுஷாக்களைப் பற்றிய விடைத்தாள்களிலிருந்து தலையை நிமிர்த்தாமலே கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் சொன்னாள்: “எங்கள் பாடம் எவ்வளவோ மேல், அக்கா. செத்தவன் செத்த வருஷத்தைக் கேட்பார்களே தவிர, இப்போது எங்கே இருக்கிறான் என்று எவரும் கேட்பதில்லை.”

கரும்பலகையைப் பார்த்து நடத்திய பாடம்

நடத்தினேன். அந்தச் சிசுக்களுக்கு மோட்சம் இல்லை, நரகமும் இல்லை, வேதனை எதுவும் கிடையாது, சர்வேசுரனுடைய முகதரிசனம் ஒன்று மட்டும் இல்லை. இவற்றைக் கரும்பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக, வழக்கத்தைவிடப் பெரிய எழுத்தில், வழக்கத்தைவிட மெதுவாக எழுதினேன். எழுதிக்கொண்டிருக்கும்வரை வகுப்பைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா? எழுத இடமில்லாமல் போனபிறகுதான் திரும்பினேன்.

அருளாயி எழுந்து நின்றிருந்தாள். அந்தக் குழந்தைகள் அழுதால் யார் எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று கேட்டாள். அங்கே வேதனை இல்லை, ஆகவே அழுகையும் இல்லை என்று பாடத்திலிருந்தே பதில் சொன்னேன். அந்தப் பதிலில் இறையியல்படி ஒரு குறையும் கிடையாது. அவள் அதை ஏற்றுக்கொண்டவள்போலத் தலையசைத்துவிட்டு உட்காரப் போனாள். பாதி உட்கார்ந்தவள் மறுபடியும் எழுந்தாள்: “அழுகாட்டியும் யாராச்சும் எடுத்து வெச்சுக்கோணுமல்லங்க டீச்சர்.”

வாய்மொழித் தேர்வு

தேர்வு நடத்த வந்த சாமியார் வயதானவர். வேறு பங்கைச் சேர்ந்தவர். அருளாயியைப் பற்றி எதுவும் அறியாதவர். நான் அவருக்குப் பக்கத்தில் மதிப்பெண் தாளோடு உட்கார்ந்திருந்தேன். அருளாயி வழக்கம்போல அவர் கேட்டதைத் திரும்பச் சொல்லிச் சொல்லிப் பதிலளித்தாள். அவர் அதைப் பக்தி என்று எடுத்துக்கொண்டார் போலிருந்தது. பிறகு சிசுக்களைப் பற்றிய அந்தக் கேள்வி வந்தது. இதை மட்டும் அவள் திரும்பச் சொல்லவில்லை. ஒரு வருஷத்து உழைப்பும் அவளுடைய பிழைப்பும் என் கண்ணெதிரே போகின்றன என்று நினைத்தேன். அப்போது அவள் கேட்டாள்: “பொஸ்தகத்துல இருக்கறதச் சொல்லட்டுங்களா சாமி, என்ற புள்ள இருக்கற எடத்தச் சொல்லட்டுங்களா?”

சாமியார் என்னைப் பார்த்தார். நான் என் பேனா முள்ளைப் பார்த்தேன். குழந்தை எத்தனை நாள் இருந்தது என்று அவளைக் கேட்டார். காலையில் பிறந்து பொழுது சாய்வதற்குள் போய்விட்டது என்றாள். அவர் சற்று நேரம் வினாவிடைப் புத்தகத்தை மூடித் திறந்துகொண்டிருந்துவிட்டு, புத்தகத்தில் இருப்பதைச் சொன்னால் போதும் என்றார். சொன்னாள். ஓர் எழுத்தும் தவறவில்லை. நான் மூச்சு விட்ட இடங்களில் அவளும் மூச்சு விட்டாள். நான் கரும்பலகையில் அழுத்தி எழுதிய சொற்களை அவளும் அழுத்திச் சொன்னாள். என் பாடத்தை எதிரில் இருந்து நான் கேட்டது அன்றுதான். வருஷந்தோறும் அதைக் கேட்டுக்கொண்டு என் முன்னே எத்தனை அருளாயிகள் பேசாமல் உட்கார்ந்திருந்தார்களோ!

அவள் கும்பிட்டுவிட்டு வெளியே போனாள். மதிப்பெண் தாளை என்னிடமிருந்து வாங்கி, முழு மதிப்பெண்ணையும் தம் கையாலேயே எழுதிக் கையெழுத்திட்ட பிறகு சாமியார் சொன்னார்: “புத்தகத்துக்கு மார்க்குப் போட்டுவிட்டேன், அம்மா. இன்னொன்றை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நம்ப வேண்டி வந்திருக்கும்.”

அருளாயி தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், அந்தப் பாடமோ வருஷந்தோறும் தவறாமல் என் வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிறது, அதை நான் மிகத் தெளிவாக நடத்துவதாக எல்லோரும் பாராட்டுகிறார்கள்.