மூட்டையின் நடுவில் ஒரு பிடி

ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் எங்களுக்கு ஒரு படிவம் கொடுத்திருக்கிறார்கள். ஏதாவது ஒரு தொடக்கப் பள்ளிக்குப் போய், ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்து, அது தரமான பள்ளிதானா என்று எழுதிக்கொடுக்க வேண்டும். கட்டடம் எப்படி, காற்றோட்டம் உண்டா, கரும்பலகை எத்தனை, குடிதண்ணீர் எங்கே என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள். கூடப் படிப்பவர்கள் அலுத்துக்கொண்டார்கள். எனக்கோ அதைக் கையில் வாங்கியதும் ஒரே பரபரப்பு. ஒரு பள்ளிக்கூடத்தின் தரம் பார்க்கப்பட்டதை நான் நேரிலேயே கண்டவள். பார்த்தவர் எங்கள் மாமா. அம்மாவுக்கு அண்ணன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

எங்கள் ஊர் ஜவ்வாது மலையில், புதூர்நாட்டிலிருந்து இன்னும் மேலே நடந்து போக வேண்டிய இடம். முப்பது வீடு. நான் சொல்வது எழுபதுகளின் கடைசி. பள்ளிக்கூடம் என்றால் இடுப்புயர மண்சுவர், மேலே மஞ்சம்புல் கூரை, ஒரு கரும்பலகை, ஒரு வாத்தியார். ஐந்து வகுப்பும் அந்த ஒரே கூரைக்குக் கீழே. வாத்தியார் அடிவாரத்துக்காரர். திங்கட்கிழமை ஏறி வந்தால் வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் இறங்குவார். நான் நாலாவது. பதினாறாம் வாய்ப்பாடு வரைக்கும் மூச்சு விடாமல் சொல்வேன் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்தில் நானே எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்த விஷயம்தான்.

கூரை மக்கிப்போயிருந்தது. மழை வந்தால் எல்லோரும் கரும்பலகை ஓரமாக ஒண்டிக்கொள்வோம். அந்த மாசியில் கீழேயிருந்து இன்ஸ்பெக்டர் சொல்லி அனுப்பினார். அடுத்த மழைக்குள் ஊர் புதுக்கூரை போட்டுக் கொடுக்காவிட்டால் பள்ளிக்கூடம் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அந்த ஊர்க்காரர்கள் போட்டுத் தருகிறோம் என்று முந்திக்கொண்டு சொல்லிவிட்டார்களாம். பக்கத்து ஊர் என்றால் இரண்டு சரிவும் ஒரு காட்டாறும் தாண்டி. எங்கள் அப்பா அன்றைக்கே முடிவு சொல்லிவிட்டார்.

"பள்ளிக்கூடம் அங்க போச்சுன்னா நீ வூட்டோட நில்லு. பொட்டப்புள்ள ஆத்தத் தாண்டிப் போயி இன்னா படிக்கப் போற?"

எனக்கு அன்று இரவு சோறு இறங்கவில்லை. இந்தப் பள்ளிக்கூடம் எங்கேயும் போகக் கூடாது, அதற்கு என்ன செய்ய வேண்டுமோ அதை நான் செய்தே தீருவேன் என்று படுத்தபடியே முடிவு கட்டினேன்.

ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாலு கட்டுப் புல் போட்டால் கூரை முடிந்துவிடும். ஆனால் எல்லார் வீட்டுக் கூரைக்கும் அதே புல்தான். புளி உலுக்கும் இடத்தில் ஊர் கூடியபோது வாக்குவாதம் வந்தது. நாலு வருஷமாகப் பிள்ளைகளை அனுப்புகிறோமே, அங்கே என்னதான் நடக்கிறது என்று ஒருவர் கேட்டார். "எம்புள்ள நல்லாப் பாட்டுப் பாடுது. பாட்டு நம்மூர்லயே கீதே, அதுக்கு ஒரு வாத்தியாரா?" என்றார் இன்னொருவர். ஊர்க்கவுண்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பள்ளிக்கூடம் தேறுமா தேறாதான்னு ஒருத்தன் போயி பாத்துட்டு வரட்டும். தேறும்னா புல்லு போடுவோம். இல்லன்னா அவுங்க ஊருக்கே போவட்டும்" என்றார். யார் போவது என்று யாரும் கேட்கவில்லை. எல்லோரும் மாமாவைத்தான் பார்த்தார்கள்.

ஏன் மாமா என்றால், விதைச் சாமை வாங்க ஊரில் யார் எங்கே போனாலும் அவரைத்தான் கூட்டிப் போவார்கள். விற்கிறவன் மூட்டையைப் பிரித்து மேலே இருப்பதை அள்ளிக் காட்டுவான். மாமா அதைத் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார். சட்டைக் கையை ஏற்றிவிட்டு, முழங்கை மறைகிற வரைக்கும் மூட்டைக்குள் கையை விட்டு, நடுவிலிருந்து ஒரு பிடி எடுப்பார். உள்ளங்கையில் வைத்து ஊதுவார். பறப்பது பறந்ததும் மிச்சத்தைப் பார்த்து, "மணி புடிச்சிருக்கு" என்பார். அல்லது ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடப்பார். அவ்வளவுதான்.

எனக்கு ஒரே சந்தோஷம். பார்க்க வருகிறவர் சொந்த மாமா! மறுநாளே வேலையை ஆரம்பித்துவிட்டேன். வாத்தியார் பாவம், கூரையையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான்தான் சுவருக்குச் செம்மண் பூச வைத்தேன். முதல் வரிசையில் யார் யார், யாருக்கு எந்த வாய்ப்பாடு, யாருக்கு எந்தப் பாட்டு என்று பிரித்துக் கொடுத்தேன். தடுமாறுகிறவர்களை நடுவில் போட்டு, முன்னாலும் பின்னாலும் கெட்டிக்காரப் பிள்ளைகளை வைத்து மறைத்தேன். சாமையை நினைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஏனோ தோன்றவே இல்லை.

ஒருத்தியை மட்டும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவள் வெள்ளச்சி. என் வயசுதான், ஆனால் இரண்டாவது படித்தாள். அவள் அம்மா காட்டு வேலைக்குப் போவதால் தம்பிப் பயலை இடுப்பில் தூக்கிக்கொண்டுதான் வருவாள். அவன் மூக்கு எப்போதும் ஒழுகும். பாதி நாள் வரவே மாட்டாள். வந்தாலும் ஒரு வரியைப் படிக்க ஒரு யுகம் ஆகும். மாமா வருவதற்கு முந்தின நாள் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "நாளைக்கு நீ வராத. புளி பொறுக்கப் போய்டு" என்றேன். அவள் தம்பியை ஒரு இடுப்பிலிருந்து மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். அதையே சரி என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் ஆளாக வந்து உட்கார்ந்திருந்தாள். இடுப்பில் தம்பி. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாத்தியார் இருந்ததால் வாயைத் திறக்க முடியவில்லை. நடு வரிசைக்கு நடுவே அவளைத் தள்ளிவிட்டு என் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

மாமா வந்தார். துண்டைத் தலையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டார். வாத்தியார் கை கூப்பி, "வாங்க, உக்காருங்க" என்று தன்னுடைய நாற்காலியைக் காட்டினார். மாமா உட்காரவில்லை. நான் எழுந்து நின்று, யாரும் கேட்காமலே பதினாறாம் வாய்ப்பாட்டைத் தொடங்கினேன். பதினாறு ஐந்து எண்பது வரை போயிருப்பேன்.

"நீ குந்து, மருமவளே" என்றார்.

"என்னக் கேளு மாமா! எல்லாம் வரும் எனக்கு!"

"தெரியும். குந்து."

என்னைத் தாண்டி, எனக்குப் பின்னால் இருந்தவர்களைத் தாண்டி, பிள்ளைகளை ஒதுக்கிக்கொண்டு நடுவே போய், வெள்ளச்சி தலையில் கை வைத்தார்.

"எந்திரி பாப்பா. சிலேட்ட எடுத்துக்கினு வெளிய வா."

சுவருக்கு அந்தப் பக்கம் கூட்டிப் போனார். சுவர் இடுப்புயரம்தானே, எங்களுக்கு எல்லாம் தெரிந்தது. பேசியதும் ஓரளவு கேட்டது. அவளுக்கு மனசில் என்ன தோன்றுகிறதோ அதை எழுதச் சொன்னார். யாரும் சொல்லிக் கொடுத்ததாக இருக்கக் கூடாது. எழுதிவிட்டு, என்ன எழுதினாள் என்று அவர் காதில் மட்டும் சொல்ல வேண்டும். தம்பிப் பயலை மாமா வாங்கிக்கொண்டார். வெள்ளச்சி சுவர்மேல் சிலேட்டை வைத்து எழுதினாள். ரொம்ப நேரம் எழுதினாள். எச்சில் தொட்டு ஒரு எழுத்தை அழித்துவிட்டு மறுபடியும் எழுதினாள். அப்புறம் எட்டி, மாமா காதில் என்னவோ சொன்னாள். மாமா என் பக்கம் ஒரு முறை திரும்பிப் பார்த்தார்.

பயலை அவள் இடுப்பில் திருப்பிக் கொடுத்துவிட்டு மாமா சிலேட்டை இரண்டு கையாலும் ஏந்தி, ததும்பும் குடத்தைத் தூக்கி வருவது போல உள்ளே வந்தார். நடுவிலிருந்தே இன்னொருவனை எழுப்பினார். மூன்றாவது படிக்கும் சடையன். சிலேட்டைத் தலைகீழாக நீட்டினார். சடையன் அதைத் திருப்பி வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகக் கூட்டினான். என் வாழ்நாளில் அவ்வளவு மெதுவாக யாரும் படித்து நான் கேட்டதில்லை.

"என்ன... இன்னிக்கு... வர வேணான்னு... சொன்னாங்க. நான்... வந்தேன்."

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும் மறுபடியும் படிக்கச் சொன்னார். மறுபடியும் அதுவே வந்தது. அவள் அவர் காதில் சொன்னது எதுவோ அதே சொல், ஒன்று குறையாமல். யார் அப்படிச் சொன்னது என்று மாமா கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. பள்ளிக்கூடம் மொத்தமும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. வாத்தியாரும் பார்த்தார்.

"மணி புடிச்சிருக்கு" என்றார் மாமா. சிலேட்டைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஊர்க் கூட்டத்தில் காட்ட வேண்டுமாம்.

அன்று சாயங்காலமே புளியமரத்தடியில் ஊர் கூடியது. புளி ஏற்ற வந்த ஜீப் ஒன்று அங்கே நின்றிருந்தது. டிரைவர் வெளியாள், படித்தவர். யாருக்காவது கடுதாசி வந்தால் அவர்தான் படித்துச் சொல்வார். மாமா நடந்ததைச் சொன்னார். ஒரு பிள்ளை எழுதியதை இன்னொரு பிள்ளை படித்தது, இரண்டும் ஒன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னார். எங்கே காட்டு என்றார் ஊர்க்கவுண்டர். டிரைவரும் எட்டிப் பார்த்தார். மாமா துண்டைப் பிரித்தார்.

சிலேட்டில் ஒன்றுமே இல்லை. வெள்ளையாக ஒரு இழுப்பு மட்டும்.

"ஐயய்ய, வியர்வைத் துண்டுல சுத்தினா எழுத்து நிக்குமாங்க?" என்று டிரைவர் சிரித்தார். ஊரே சிரித்தது. களிச்சட்டியை மூடுவது போல எழுத்தையும் மூடிக்கொண்டு வந்துவிட்டார் என்று ஒருவர் சொல்ல, எங்கள் அப்பாவும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். மாமா கோபப்படவில்லை. தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். கட்டைவிரல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"இன்னாய்யா எழுதியிருந்துது? அதையாவது சொல்லு" என்றார் ஊர்க்கவுண்டர்.

"மறந்துட்டேன்."

பத்து வருஷத்துக்கு முந்தி எந்தக் காட்டில் எத்தனை வல்லம் சாமை கண்டது என்று சொல்லக்கூடிய மனுஷன், மறந்துவிட்டேன் என்றார். "மறந்துபோனதுக்கு நாங்க எப்படி புல்லு போடறது?" என்று முதலில் வாக்குவாதம் பண்ணியவர் எழுந்தே விட்டார். அவரோடு இன்னும் இரண்டு பேர். பள்ளிக்கூடம் ஆற்றைத் தாண்டி நடப்பது என் கண்ணுக்குத் தெரிந்தது. பின்னாலேயே வீட்டோடு நிற்கிற நானும் தெரிந்தேன். மானம் போனால் போகட்டும்!

கூட்டத்துக்குள் நுழைந்து மாமா கையிலிருந்த சிலேட்டைப் பிடுங்கினேன். என் பாவாடை மடிப்பில் எப்போதும் ஒரு துண்டு பலப்பம் இருக்கும். தரையில் உட்கார்ந்து எழுதி டிரைவரிடம் நீட்டினேன். அவர் உரக்கப் படித்தார்.

"வெள்ளச்சிய இன்னிக்கு பள்ளிக்கூடத்துக்கு வர வேணான்னு நான் சொன்னேன். அவ வந்தா. அதைத்தான் எழுதினா." படித்துவிட்டு டிரைவர் தலையை நிமிர்த்தினார். "யாருங்க இந்த நான்?"

"நாந்தான்" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. ஏன் வர வேண்டாம் என்று சொன்னாய் என்று ஊர்க்கவுண்டர் கேட்டார். அவளுக்குச் சரியாகப் படிக்க வராது, அவளைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடமே மோசம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்தேன் என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ஆனாலும் முழுதும் சொன்னேன். ஊர்க்கவுண்டர் கொஞ்ச நேரம் சிலேட்டையே பார்த்தார், படிக்கத் தெரிந்தவர் போல.

"படிப்பு வராத புள்ளயே மனசுல இருக்கறத எழுதிக் காட்டியிருக்குது. இந்தப் புள்ள தன்ன மாட்டி வுட்டுக்கினு பொய் சொல்லாது" என்றார். "வூட்டுக்கு நாலு கட்டு. அமாவாசைக்குள்ள போட்டுடணும்."

கூரை ஏறியது. பள்ளிக்கூடம் எங்கேயும் போகவில்லை. அப்பா வீட்டில் என் காதைத் திருகினார், ஆனால் வலிக்கிற மாதிரி இல்லை. வாத்தியார் ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுநாளிலிருந்து வெள்ளச்சி எழுதுகிறபோதெல்லாம் தம்பிப் பயலை என் மடியில் கொண்டுவந்து வைத்தார், அவ்வளவுதான். அவன் வாரத்துக்கு இரண்டு முறை தவறாமல் என் பாவாடையை நனைத்தான்.

ஒரே ஒரு விஷயம்தான் எனக்கு அன்று புரியவில்லை. நான் சிலேட்டைப் பிடுங்கி எழுத ஆரம்பித்ததும் மாமா முகம் சட்டென்று வாடிப்போனது. கையை நீட்டித் தடுக்க வந்தவர் போலக் கூட இருந்தது. ஊர் மொத்தமும் சிரித்தபோது வாடாத முகம். அவசரத்தில் என் எழுத்து கோணல் மாணலாக விழுந்துவிட்டது, அதுதான் அவருக்குப் பிடிக்கவில்லை என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். எழுத்தே தெரியாதவருக்குக் கோணல் எது நேர் எது என்று யோசிக்கக் கூட எனக்கு அப்போது தோன்றவில்லை.

வெள்ளை படிந்த அந்தக் கட்டைவிரலையும் பார்த்தேனே. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியிருப்பார் என்று நினைத்தேன்.

மாமாவுக்கு வெற்றிலைப் பழக்கமே கிடையாது.