போகிறவன் கையால்

“...அதெல்லாம் சரி தம்பி, ஆனா போறவன் கையாலதான் இத்தக் குடுக்கணும். நீ எங்கியும் போவலியே.”

அண்ணன் அவசரமாகக் கிளம்ப வேண்டியதாகிவிட்டது என்று நான் சொன்னதற்குத்தான் இந்தப் பதில். பாயில் நான் வைத்த யங்கோனா வேர்க்கட்டை அவர் தொடவில்லை.

அவர் அண்ணனின் பக்கத்து வீட்டுக்காரர், இந்த மண்ணின் ஃபிஜியர். நவுவாவில் எங்கள் ஆட்களோடு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர். என் பிள்ளைகளுக்கு ஹிந்திதான் வரும். எங்கள் அப்பா பேசிய தமிழ் இவர் வாயில் அப்படியே இருக்கிறது.

ஊரை விட்டுப் போகிறவன் இடித்துக் கரைத்துக் குடிக்கும் இந்த வேரைக் கொண்டுவந்து வைத்து உத்தரவு கேட்பது அவர்கள் வழக்கம். எதிரில் இருப்பவர் அதைத் தொட்டுக் கைதட்டினால் மனத்தில் குறையில்லை, போய் வா என்று அர்த்தம். அண்ணன் கேட்கவில்லை. நாந்தியில் ஒரு கல்யாணம் என்று இவரிடமும் என்னிடமும் சொல்லிவிட்டுக் குடும்பத்தோடு பஸ் ஏறினவன், சிட்னியிலிருந்து போன் செய்தான். இனி அங்கேதானாம். வெளியே சொன்னால் கண் பட்டுவிடுமாம். வீட்டிலும் யாராவது புகுந்துகொள்வார்களாம். அந்த ‘யாராவது’ யார் என்று எனக்குப் புரிந்தது. அவருக்கு ஒரு கட்டு வேர் வாங்கிக் கொடுத்துவிடு என்று கடைசியில் சொன்னான்.

எனக்குச் சொற்கள் மேல் ஒரு கிறுக்கு. படித்து வந்ததில்லை, ஜனங்கள் வாயைப் பார்த்து வந்தது. நன்றியை உரித்தால் உள்ளே ‘நல்லது’தான் இருக்கிறது. நன்றிக்கு இவர்கள் சொல்லும் விநாகாவும் அதேதான், நல்லது. ஒன்றைக் கேட்கும்போது ‘யலோ விநாகா’ என்பார்கள்: நல்ல மனசு. உன் மனசு நல்லது என்று சொல்லிவிட்டுக் காத்திருப்பதுதான் கேட்பது. விசுவாசம் என்ற சொல் நமக்கு வடக்கேயிருந்து வந்தது. அதற்கு முன்னால் நம்மவர்கள் என்ன சொன்னார்கள் என்று கேட்டால், உப்பு என்பார் அப்பா. உப்பிட்டவரை உள்ளளவும் நினை.

நானும் அதைப் பழமொழியாகச் சொல்லித் திரிந்தவன்தான். எங்கள் ஆட்கள் அமர்ந்த ஆட்சியை ஃபிஜியர்கள் கவிழ்த்த வாரம் கடைகளெல்லாம் அடைத்துக் கிடந்தன. அண்ணன் வீட்டில் ஒடுங்கியிருந்த எங்களுக்கு மரவள்ளிக்கிழங்கும் காகிதத்தில் சுருட்டிய உப்பும் கொண்டுவந்தவர் இவர். பொழுது சாய்ந்தால் மைத்துனர்களோடு எங்கள் கேட்டருகில் பாய் விரித்து உட்கார்ந்துவிடுவார். முதல் நாள் அண்ணி, வீட்டைப் பிடிக்க வந்துவிட்டார்கள் என்று அலமாரியை நகர்த்திக் கதவை அடைத்தாள். பிறகு அது தெரிந்தபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “அம்மாம் பெரிய அலமாரி எங்க வூட்டு வாசல்ல நொழையாதே தங்கச்சி, எடுத்துனு போயி நான் இன்னா பண்றது?”

இப்போது அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. கல்யாணம் நல்லபடியாக நடந்ததா என்று மட்டும் கேட்டார். கல்யாணப் பெண்ணுக்கென்று அவர் மனைவி பின்னிக் கொடுத்தனுப்பிய பாயை, சற்று முன்புதான் அண்ணன் வீட்டைத் திறந்தபோது பார்த்தேன். சுருட்டினபடியே மூலையில் சாய்ந்திருந்தது. பாயில் இருந்த வேர்க்கட்டை இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் நகர்த்தினேன்.

அவர் வேர்க்கட்டை எடுத்து என் மடியில் வைத்தார். “வெச்சிரு. அவன் வரப்ப கொண்டாரட்டும்.”

பிறகு சுவரில் சாய்த்திருந்த கரும்புக் கத்தியை எடுத்துக்கொண்டு வேலியைத் தாண்டினார். அண்ணன் வீட்டு முன்னால் முழங்கால் உயரம் புல் வளர்ந்திருந்தது. கேட்டிலிருந்து ஆரம்பித்து வெட்டிக்கொண்டே போனார்.