முயல் கடித்த கை

என் மடியிலேயே வளர்ந்த முயல்குட்டி அது. ஓடைப்பட்டித் தோட்டத்தில் கொடிகளை வெட்டிவிடும் கவாத்து முடிந்து, அன்றுதான் திராட்சைக்கு முதல் பூச்சிமருந்து அடித்தேன். வீட்டுக்கு வந்து கையை வெறும் தண்ணீரில் அலசிவிட்டு, கூண்டுக்குள் கீரை வைத்தேன். முயல் உறுமிக்கொண்டு பாய்ந்து விரலைக் கவ்வியது. ரத்தம் சொட்டியது. வெறி பிடித்துவிட்டதோ என்று கூண்டைச் சட்டென்று சாத்தினேன்.

"அதுக்குக் கிறுக்கு ஒண்ணுமில்ல. ஒங்க கையிலதான் மருந்து வாடை குப்புன்னு அடிக்குது" என்றாள் மனைவி.

"எனக்கு ஒரு வாடையும் தெரியலையே!" என்று எரிந்து விழுந்தேன்.

சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, பயந்து பயந்து கையை நீட்டினேன். முயல் மோந்து பார்த்துவிட்டு நக்கியது.

அப்போதுதான் எனக்கு நிஜமாகவே பயம் பிடித்தது. போன சீசன் முழுக்க, வெறும் தண்ணீரில் அலசிய இந்தக் கையால்தான் மகளுக்குச் சோறு பிசைந்து ஊட்டினேன்.

அவள் ஒருநாளும் என்னைக் கடித்ததில்லை.